பொறியியல் பீடத்தில் தனித்துப்போன தங்கை

கேள்வி:

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். இப்போது புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். என் தங்கை உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நன்றாகச் சித்தியடைந்து, கொழும்பை அண்டிய ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கத் தெரிவானாள். எங்கள் தோட்டத்திலிருந்து பொறியியலுக்குப் போன முதல் ஆள் அவள்தான். தோட்டத்தில் பதாகை கட்டினார்கள். முதலாம் செமஸ்டர் பெறுபேறு வந்தபோது கணிதமும் கம்பியூட்டர் புரோகிராமிங்கும் தவறியிருந்தன. இரவு ஒரு மணி வரை அறையில் தனியாக இருந்து படிக்கிறாள். வீண் சேர்க்கை கிடையாது. அவ்வளவு நல்ல பிள்ளை. அப்படியிருந்தும் இப்படி ஆகிவிட்டது. விரிவுரை எல்லாம் ஆங்கிலம், அவள் படித்தது தமிழில். "கோட்டாவில் வந்தவள்" என்று யாரோ பேசியது காதில் விழுந்து அழுகிறாள். அப்பாவோ, "வந்துவிடட்டும், ஆசிரியர் வேலைக்குப் போகலாம்" என்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு சரிவராதா? ஆங்கில வகுப்புக்கும் டியூஷனுக்கும் நான் காசு கட்டினால் சரியாகுமா?

— புறக்கோட்டையிலிருந்து ஓர் அண்ணன்

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டியூஷனுக்கு இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம். தங்கையை ஊருக்கு அழைக்கவும் வேண்டாம். அவளுக்கு மூளையிலோ முயற்சியிலோ குறை இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஓர் அடையாளமும் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட நான்கு பேர் இல்லை என்பதற்குத்தான் அடையாளம் இருக்கிறது. "இரவு ஒரு மணி வரை அறையில் தனியாக இருந்து படிக்கிறாள், வீண் சேர்க்கை கிடையாது" என்று நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான்.

நான் பொறியியல் பீடத்தில் கற்பித்து, நெடுங்காலம் மாணவர் ஆலோசகராகவும் இருந்து ஓய்வு பெற்றேன். முதலாம் ஆண்டில் தவறிய பிள்ளைகள் என் அறைக்கு வரும்போது அவர்களுடைய கொப்பியைக் காட்டச் சொல்வேன். மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ தனியாக வந்த பிள்ளையின் கொப்பியைப் பல தடவை கண்ணை மூடிக்கொண்டு விவரித்துவிடலாம். தலைப்புகள் சிவப்பில், சூத்திரங்கள் நீலத்தில், அடிக்கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டவை. விரிவுரையில் திரையில் வந்தது ஒரு வரி விடாமல் இருக்கும். ஆனால் வெட்டி எழுதிய இடம் ஒன்றுகூட இருக்காது. பிழையாகத் தொடங்கிப் பாதியில் நின்ற கணக்கு, பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி, "இது எப்படி வந்தது?" என்ற கிறுக்கல், எதுவுமே இருக்காது. நன்றாகப் போகிற பிள்ளைகளின் கொப்பி பார்க்க அலங்கோலமாக இருக்கும். இரண்டு மூன்று பேருடைய கையெழுத்து அதில் கலந்திருக்கும். தங்கையின் கணிதக் கொப்பியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரட்டிப் பாருங்கள். கணக்கு விளங்காவிட்டாலும் இது உங்களுக்கு விளங்கும்.

இதை நான் சொந்த அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. 1970களில் அமெரிக்காவின் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியர், நீங்கள் கேட்கும் கேள்வியையே ஆராயத் தொடங்கினார். முதலாம் ஆண்டு நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தவறினார்கள். ஏன் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். ஊக்கம் போதாது, பள்ளிக்கூட அத்திவாரம் சரியில்லை, வீட்டில் படிப்புக்கு ஆதரவில்லை, வறுமை என்று பதில்கள் வந்தன. நம் பிள்ளைகளைப் பற்றிக் கொழும்பில் சொல்லப்படும் காரணங்களும் இவைதானே. ட்ரைஸ்மன் அத்தோடு நிற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் தெரிந்தெடுத்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிகளில் கெட்டிக்காரர்கள். பெற்றோர் அவர்கள் படிப்பை உயிராக நினைத்தவர்கள். அவர்கள் ஒழுங்காகப் படிக்கவும் செய்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் சகமாணவரோடு ஒருநாளும் சேர்ந்து படித்ததில்லை.

சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் படித்தார்கள். பிறகு மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் திருத்தினார். நூலகத்தில் கிடைத்த பழைய வினாத்தாள்களை எடுத்துச் செய்து பார்த்தார்கள். வகுப்பில் தாங்கள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. இன்னொன்றையும் ட்ரைஸ்மன் குறித்திருக்கிறார்: சில நாட்களில் உறவினர் ஒருவரோ, மூத்த சகோதரரோ வந்து கேள்வி கேட்டு அவர்களைச் சோதித்தார். அண்ணனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது, தம்பி. அது என்ன வேலை என்று பின்னால் சொல்கிறேன்.

இதைக் கண்டபின் ட்ரைஸ்மன் பட்டறைகளைத் தொடங்கினார். பலவீனமான மாணவருக்குக் கைதூக்கிவிடும் வகுப்பு என்று அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. "நீ கெட்டிக்காரன், கடினமான கணக்குகள் வைத்திருக்கிறோம், வா" என்றுதான் அழைத்தார். வழக்கமான வீட்டுவேலையைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்ய வைத்தார். யார் தவறுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களோ, அந்த மாணவர்கள் அதே பாடத்தில் நல்ல பெறுபேறு பெற்றார்கள். டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். டியூஷனில் இன்னொருவர் கரும்பலகையில் கணக்கைச் செய்து காட்டுவார், தங்கை அதையும் அழகாகப் பார்த்தெழுதிக்கொண்டு வருவாள்.

கூடிப் படிப்பதில் அப்படி என்ன நடந்துவிடுகிறது என்று கேட்பீர்கள். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நிரலாக்கப் பாடத்தில், அதாவது கம்பியூட்டர் புரோகிராமிங்கில், ஒரு மாணவி. பத்து மாணவரின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண பைத்தன் என்ற கணினி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுத வேண்டும். கணினி பிழை எதுவும் காட்டவில்லை. விடை மட்டும் பிழை. முந்தின இரவு முழுவதும் அந்தப் பத்து வரியோடு மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கு இது ஏறாது சேர்" என்று வந்து நின்றாள். வெளியே இருந்த இன்னொரு மாணவியை உள்ளே கூப்பிட்டு, பார்க்கச் சொன்னேன். அவள் விடையைச் சொல்லவில்லை. வகுக்கும் வரியின் மேல் விரலை வைத்து, "இந்த வரி எத்தனை தடவை ஓடும்?" என்று மட்டும் கேட்டாள். முதல் மாணவியின் முகம் மாறியது. வகுத்தல் கடைசியில் ஒரு தடவை மட்டுமே நடக்க வேண்டும். அந்த வரி நான்கு இடைவெளி உள்ளே தள்ளி நின்றதால், மீள மீள ஓடும் பகுதியில் சிக்கி, ஒவ்வொரு புள்ளியைக் கூட்டும்போதும் கூட்டுத்தொகையையே வகுத்துக்கொண்டிருந்தது. ஓர் இரவு வீணானது அந்த நான்கு இடைவெளியால். வீட்டில் கணினியோடு வளர்ந்த பிள்ளைக்கும் இதே பிழை வரும். பக்கத்தில் கேட்க ஆளிருப்பதால் அந்தப் பிள்ளைக்கு அது ஒரு நிமிடத்தில் போய்விடும். தனியாக இருக்கும் பிள்ளை அதையே தன் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளும்.

நம் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. குப்பி என்பார்கள். பரீட்சை நெருங்கும்போது பாடம் விளங்கிய மாணவர் ஒருவர் வெறும் விரிவுரை மண்டபத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். நல்ல வழக்கம்தான், ஆனால் இரண்டு குறை உண்டு. ஒன்று, பரீட்சைக்கு முந்தின வாரம் அது மிகப் பிந்திப்போகிறது. மற்றது, எங்கே, எத்தனை மணிக்கு என்ற செய்தி பழகியவர் வழியாகத்தான் பரவும். கொழும்பின் பெரிய பாடசாலைகளிலிருந்து ஒரே வகுப்பாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரிகளிலிருந்தும் அண்ணன்மார், அக்காமார் வரிசையாக வந்திருக்கிறார்கள். பழைய வினாத்தாள், எந்த விரிவுரையாளர் எதை வலியுறுத்துவார், எந்தப் பயிற்சித்தாளை விடக்கூடாது, எல்லாம் அந்த வழியாகவே கைமாறும். யாரும் கெட்ட எண்ணத்தோடு மறைப்பதில்லை. தோட்டத்திலிருந்து முதல் ஆளாகப் போகும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை, அவ்வளவுதான். தமிழ் மாணவர்களுக்குள்ளேயே அவள் சிறுபான்மை. இதைத் தமிழ் மாணவர் மன்றங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் உயர்தர மாணவருக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள். வாசல்வரை கைபிடித்துக் கூட்டிவரும் அந்த அக்கறை, உள்ளே வந்த பிள்ளையின் முதல் செமஸ்டரிலும் தொடர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆகவே தங்கை செய்ய வேண்டியது இது. வாரத்தில் இரண்டு மாலை, ஒரே நேரம், ஒரே இடம், நான்கு பேர். நூலகத்தில் பேசிப் படிக்கும் பகுதி, சிற்றுண்டிச்சாலையின் ஒரு மேசை, எதுவாகவும் இருக்கலாம். வருமுன் ஒவ்வொருவரும் பயிற்சித்தாளின் கணக்குகளைத் தனியாக முயன்றிருக்க வேண்டும். பிழையாக முயன்றிருந்தாலும் போதும். கூடியபின் ஒருவர் தன் வழியைச் சொல்ல, மற்ற மூவரும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். யாரைச் சேர்ப்பது? தவறிய பாடத்தை மீண்டும் எழுதும் சகமாணவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிலிருந்து இருவர். பாடம் சுமாராக விளங்கியவர் ஒருவர். மிகக் கெட்டிக்காரரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க நேரிடும்.

அந்த நால்வரும் தமிழ்ப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிங்கள மொழிமூலம் படித்து வந்த பிள்ளைகளுக்கும் ஆங்கில விரிவுரை அதே சுவர்தான். மாத்தறையிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்த பிள்ளையும் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கிறது. எல்லோரும் மௌனமாக இருப்பதால் தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். இப்படிக் கலந்த குழுவில் பொதுமொழி தட்டுத்தடுமாறிய ஆங்கிலமாக இருக்கும். நீங்கள் காசு கட்ட நினைக்கும் ஆங்கில வகுப்பில் கிடைக்காத ஆங்கிலம் அது. "ஏன் இந்த இடத்தில் குறி மாறியது?" என்று ஆங்கிலத்தில் கேட்கப் பழகிவிட்டால், விரிவுரையாளரிடம் கேட்கும் துணிவும் தானாக வரும். பொது ஆங்கிலத்தை அவள் பிறகு மெல்லப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆய்வுகூடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் குழுவில் கருவிகளை யார் தொடுகிறார்கள், அறிக்கையை யார் எழுதுகிறார்கள்? கையெழுத்து அழகான பெண்பிள்ளை எழுத உட்கார்ந்துவிடுவாள், ஆண்பிள்ளைகள் கம்பிகளை இணைப்பார்கள். ஆண்டு முடிவில் அவள், மின் அலையைத் திரையில் காட்டும் அலைவுகாட்டியின் குமிழைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டாள். இதை நான் பல குழுக்களில் கண்டு, வாரத்துக்கு வாரம் வேலையை மாற்றச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறேன். தங்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே: "இந்தக் கிழமை நான் இணைக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்."

இனி அந்தக் "கோட்டா" பேச்சு. இதில் தங்கைக்குக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. நம் நாட்டில் கலைப்பிரிவு தவிர்ந்த பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாகப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பகிரப்படுகின்றன. அப்படியானால் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவர்கள்தான். கொழும்பு மாவட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. இன்னொன்று: ஒதுக்கீடு உங்கள் நுவரெலியா மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துப் பிள்ளைக்கென்று ஓர் இடமும் இல்லை. நகரத்தில் நல்ல ஆய்வுகூடமும் நிரந்தர ஆசிரியர்களும் உள்ள பாடசாலையில் படித்த பிள்ளைகளோடு அதே மாவட்டத்துக்குள் போட்டியிட்டுத்தான் அவள் இசட் புள்ளியில் (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) முன்னே வந்திருக்கிறாள். யாருக்கும் அவள் கடன்பட்டவள் அல்ல.

"எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராதா" என்று கேட்டீர்களே, அதை வாசித்தபோது மனம் நொந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் உங்கள் பாட்டன் பாட்டி தலைமுறையை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையில், பெரும்பாலும் ஓர் ஆசிரியரோடு, ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்றும் தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதப் பிரிவை முழுமையாக நடத்தக்கூடிய பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. இருக்கும் இடங்களிலும் இரசாயனவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அந்த ஆண்டுப் பிள்ளைகளின் கதி அவ்வளவுதான். இத்தனையையும் தாண்டிப் பொறியியல் பீடத்தில் கால் வைத்த பிள்ளை முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் தவறியதைக் கொண்டு ஒரு சமூகத்தின் அறிவை அளக்க முடியுமா? விஞ்ஞான, பொறியியல் படிப்பைக் கைவிட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1997 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, விலகியவர்களும் நிலைத்தவர்களும் திறமையில் பெரிதாக வேறுபடவில்லை என்று காட்டியது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே கஷ்டங்களைத்தான் சொன்னார்கள். சிலருக்கு அவற்றைத் தாண்ட வழி கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். தினமும் இரவு கடை சாத்தியபின் தங்கைக்கு அழைத்து, "படித்தாயா? சாப்பிட்டாயா?" என்று கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதலாவதை மாற்றுங்கள். "இன்று யாரோடு கணக்குப் போட்டாய்? எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்? அதை எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு நுண்கணிதம் தெரிய வேண்டியதில்லை. தெரியாத அண்ணனுக்கு விளங்கும்படி தமிழில் சொல்ல முயலும்போது, தனக்கு எங்கே விளங்கவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். பேர்க்லியில் அந்த மூத்த சகோதரர்கள் செய்த வேலைக்கு இது மிகக் கிட்டியது. அளவும் விலையும் நாள் முழுக்கப் பார்க்கிறவர் நீங்கள், குறுக்குக் கேள்வி கேட்க உங்களால் முடியும்.

இன்னொரு உதவியும் உண்டு. பதாகையைப் பற்றிப் பேச வேண்டாம். தோட்டமே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அப்பா அம்மா பட்ட பாடு உனக்குத் தெரியும்தானே என்ற பேச்சு எல்லாம் உண்மைதான், அவளுக்கும் அது தெரியும். ஆனால் முதல் ஆளாகப் போகும் பிள்ளை தன் தோல்வியைத் தன்னுடையதாக மட்டும் பார்ப்பதில்லை. தான் கை உயர்த்தி ஒரு பிழையான கேள்வி கேட்டால் மலையகமே பிழையாகக் கேட்டதாக ஆகிவிடும் என்று நினைக்கிறது. அந்தப் பாரத்தோடு யாரால் கை உயர்த்த முடியும்? அமெரிக்காவில் கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், புதிய மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். "முதலாம் ஆண்டில் எனக்கும் இது என் இடமில்லை என்றுதான் இருந்தது, பிறகு அது தணிந்தது" என்பதே அவற்றின் சாரம். அவ்வளவு சிறிய செயல், கறுப்பின மாணவர்களின் பெறுபேற்றில் மூன்று ஆண்டுகள் வரை தெரிந்தது. மலையகத்திலிருந்து வந்து இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் ஓர் அக்காவை எப்படியாவது கண்டுபிடியுங்கள். அவள் வேறு பீடத்தில், வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் இருவரும் சந்திக்கட்டும். நீங்கள் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

பணத்தைப் பற்றி. 1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் அவளுக்குக் கிடைத்திருக்கிறதா என்று எழுதவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதாந்தத் தொகை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வழியாக வேறு உதவித்தொகை உண்டு. மாணவர் நலன் கிளையில் விசாரிக்கட்டும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் புலமைப்பரிசில் வழங்குகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விவரம் கேட்கலாம். டியூஷனுக்கென்று ஒதுக்க நினைத்த பணத்தில் மடிக்கணினி ஒன்றைத் தவணைக்கு எடுத்துக் கொடுங்கள், பழையதாக இருந்தாலும் போதும். நிரலாக்கம் கொப்பியில் படிக்கும் பாடமல்ல.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். மலையகத்தில் லயத்து வாழ்க்கையிலிருந்து முதன்முதலில் வெளியே வந்த பல குடும்பங்கள் ஆசிரியத் தொழிலால்தான் வந்தன. அது அவர் கண்ணால் கண்ட பாதை. தங்கைக்குக் கற்பிப்பதில் உண்மையான விருப்பம் இருந்தால் அது மிக உயர்ந்த வேலை. ஆனால் தோற்றுத் திரும்பி வந்து பிடிக்கும் வேலையாக அது இருக்கக் கூடாது. அப்பாவிடம் ஓர் ஆண்டு அவகாசம் கேளுங்கள். இரண்டு செமஸ்டர் குழுவோடு உட்கார்ந்து, மீள் பரீட்சையும் எழுதியபின், பாடம் விளங்கியும் அதில் ஈடுபாடு இல்லை என்று தங்கை சொன்னால் அப்போது வேறு வழி பேசலாம். விளங்காத நிலையில், அழுகையோடு எடுக்கும் முடிவு வேண்டாம்.

இதை வாசிக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவைத் தேடும் பொறுப்பை முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில் போடுவது நியாயமில்லை. அமெரிக்காவில் பால்ட்டிமோருக்கு அருகிலுள்ள மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில், பிரீமன் ஹ்ரபோவ்ஸ்கி 1988 இல், மேயர்ஹோஃப் தம்பதியரின் நன்கொடையோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். விஞ்ஞானம், பொறியியல் படிக்கும் கறுப்பின மாணவர்களைப் பாடநெறி தொடங்குமுன் கோடை விடுமுறையிலேயே அழைத்து ஒன்றாகத் தங்கவைத்தார்கள். கூடிப் படிப்பதை விதியாக்கினார்கள். ஆய்வுகூடங்களில் வேலை தேடிக் கொடுத்தார்கள். சித்தியடைந்தால் போதும் என்று எதிர்பார்க்கவில்லை, சிறந்த பெறுபேற்றை எதிர்பார்த்தார்கள். மொடர்னா கொவிட் தடுப்பூசிக்கு வழிசெய்த ஆய்வில் முன்னின்ற கிஸ்மெகியா கோர்பெட் அந்தத் திட்டத்தில் படித்து வந்தவர். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் பயிற்சி வகுப்பில் முதல் நாளே நால்வர் நால்வராகப் பெயர் வாசித்து உட்காரவைக்கப் பணம் வேண்டியதில்லை. ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒரே மேசையில் குவியாமல் பார்க்கவும், பழைய வினாத்தாள்களை எல்லோரும் பார்க்கும்படி நூலகத்தில் வைக்கவும் பணம் வேண்டியதில்லை. பிள்ளைக்கு நம்பிக்கை வார்த்தை சொல்லிவிட்டு மண்டபத்தில் இடம் கொடுக்காமல் விட்டால் அந்த வார்த்தை பலிக்காது. வால்ட்டனின் முறையை 2023 இல் 22 உயர்கல்வி நிறுவனங்களில் சோதித்தபோதும் அதுவே தெரிந்தது. மாணவர் உண்மையாகவே சேர்ந்து கொள்ள வாய்ப்பிருந்த இடங்களில்தான் அது வேலை செய்தது.

தம்பி, இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை இரண்டு. தங்கை தன் பீடத்தின் மாணவர் ஆலோசகரை நேரில் சந்திக்கட்டும். ஒவ்வொரு பீடத்திலும் விரிவுரையாளர்களில் சிலர் அந்தப் பொறுப்பில் இருப்பார்கள். "கணிதத்தையும் நிரலாக்கத்தையும் மீண்டும் எழுதுகிறேன், சேர்ந்து படிக்க இன்னும் மூவர் வேண்டும், யார் யார் எழுதுகிறார்கள் என்று சொல்வீர்களா?" என்று கேட்டால் போதும். அழுது விளக்க வேண்டியதில்லை, அவருக்கு அது விளங்கும். அடுத்தது, மீள் பரீட்சை விதிகளைப் பீட அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளட்டும். மீண்டும் எழுதும் பாடத்துக்குப் பெறக்கூடிய தரத்தில் பல பீடங்கள் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. பட்டம் பெற அது தடையல்ல. ஆனால் விண்ணப்பத்தின் கடைசித் திகதியைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க நேரிடலாம். அந்தத் திகதியை அவள் எழுதிவைக்கட்டும், நீங்களும் கடைக் கலண்டரில் குறித்துவையுங்கள்.